ஹேவ் என்ற சொல்லும் ஒரு தோசைக்கல்லும்

1

போன வாரம் காலாவதியான ஓர் ஊசியைத் திருப்பிக் கொடுக்க எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். இங்கே கோவென்ட்ரியில் பழைய மருந்தைக் குப்பையில் வீசக் கூடாது, கடையில் ஒப்படைக்க வேண்டும். என் மகள் கயலுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. ஒவ்வாமை என்றால் தடிப்பு, அரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கடலை உள்ளே போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதனால் அவள் போகும் இடமெல்லாம் இரண்டு ஊசிகள் கூடவே போகும். பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். தொடையில் வைத்து அழுத்தினால் மருந்து இறங்கும்.

நான் கொண்டுபோனது ஒரே ஒரு ஊசி. கடைக்காரப் பெண்மணி அதன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே சிவப்பாக ஒரு கறை. ரத்தமா என்று கேட்டார். இல்லை, குங்குமம், என் அக்கா வைத்தது என்றேன். "லவ்லி" என்று சொல்லிக்கொண்டே கையுறையை மாட்டிக்கொண்டார். இந்த ஊரின் நாகரிகம் அப்படி.

அடுத்து ஒரு கேள்வி கேட்டார். "டிட் யூ ஹேவ் டு யூஸ் தி அதர் ஒன்?" இன்னொன்றைப் போட வேண்டி வந்ததா என்று அர்த்தம். "யெஸ்" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு, புது ஊசிகள் இரண்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஆடி முடிந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது, இன்னமும் வாசலில் நின்று பையில் இரண்டும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன்.

2

இந்த ‘ஹேவ்’ என்ற சொல்லோடு எனக்குப் பழைய தகராறு உண்டு. செஞ்சியில் நான் படித்த பள்ளியில், ஹேவ் என்றால் ‘வைத்திரு’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். என்னிடம் ஒரு பேனா இருக்கிறது, ஒரு பசு இருக்கிறது, ஒரு குடை இருக்கிறது. அவ்வளவுதான். கூடவே ஓர் எச்சரிக்கையும் தந்தார்கள், ஹேவோடு ‘இங்’ சேர்க்கவே கூடாது என்று. சேர்த்ததற்காக முட்டி போட்டிருக்கிறேன்.

இங்கே வந்து பார்த்தால் எல்லோரும் காலையிலிருந்து ஹேவிங்தான். டீயை ஹேவ் செய்கிறார்கள், குளியலை ஹேவ் செய்கிறார்கள், சண்டையை ஹேவ் செய்கிறார்கள். உட்காரச் சொல்வதற்கு "ஹேவ் எ சீட்". முதல் முறை அதைக் கேட்டபோது நாற்காலியை என்னிடமே கொடுத்துவிடப் போகிறார் என்று நினைக்கும் அளவுக்கு நான் மக்கு இல்லை, ஆனால் அரை நொடி முழித்தது உண்மை. நான் வேலை பார்க்கும் கிடங்கில் ஒருவர் தலைமுடியை ‘வெட்டி ஹேவ்’ செய்துகொண்டு வந்தார். இன்னொருவர் தானும் மனைவியும் குழந்தையை ஹேவ் செய்யப் போவதாகச் சொல்லிக் கேக் வெட்டினார். இதே சொல்லின் பின்னால் ஒரு ‘டு’ ஒட்டிக்கொண்டால் கதையே மாறிவிடும். உனக்கு இஷ்டம் இருக்கிறதோ இல்லையோ, செய்தே ஆக வேண்டும். வைத்திருப்பவன் எப்போது கட்டுப்பட்டவன் ஆகிறான் என்று யாரும் எனக்கு விளக்கவில்லை.

நம் மொழியில் இப்படி ஒரு வினைச்சொல்லே கிடையாது. ‘எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்’ என்கிறோம். அவள் இருக்கிறாள், அவ்வளவுதான். நாம் எதையும் செய்வதில்லை, பிடித்து வைத்திருக்கவும் இல்லை. பேனா என்றால் ‘என்னிடம்’, மகள் என்றால் ‘எனக்கு’. கயலுக்கு இந்த வித்தியாசம் பிடிபடவில்லை. சின்ன வயதில் ஒருநாள் போனில் பேசும்போது, "என்கிட்ட ஒரு அத்தை இருக்கு, செஞ்சில" என்று யாரிடமோ சொல்வதுபோல என் அக்காவிடமே சொன்னாள்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏன்டீ, நான் இன்னா உன் பையில இருக்குற பென்சிலா?"

செல்வி அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள். மாமா செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் பிறந்த குழந்தை மாதிரி கயலைப் போனிலேயே வளர்த்தவள் அவள்.

3

ஒவ்வாமை தெரிந்த நாளில் இங்கே டாக்டர் சொன்னதிலும் அதே சொல்தான். உங்கள் மகள் ஓர் அலர்ஜியை ‘ஹேஸ்’. பேனா வைத்திருப்பது மாதிரி அவள் அதையும் வைத்திருக்கிறாளாம். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் படிவங்கள், வருடா வருடம் புதுப் புகைப்படம், சாப்பாட்டுக்கூடத்தில் தனி மேசை. இந்த நாடு காகிதத்தில் காட்டும் அக்கறைக்கு நான் நன்றி சொல்லியே ஆக வேண்டும், அலுத்துக்கொண்டாவது.

கஷ்டம் அதைத் தமிழில் சொல்லும்போதுதான் வந்தது. "கடலை அவளுக்கு ஒத்துக்காது அக்கா" என்றேன். எங்கள் ஊரில் கத்தரிக்காய் ஒத்துக்காது, தயிர் ஒத்துக்காது, மாமியார் ஒத்துக்காது. அதனால் யாரும் செத்துப்போவதில்லை.

"அதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா பழகிடும்டா" என்றாள் அக்கா.

"அக்கா, பழகாது. செத்துடுவா."

"வாயக் கழுவுடா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அன்றோடு அவளுக்குப் புரிந்துவிட்டது.

போன ஆடியில் கயலைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போக முடிவானது. என் மனைவி சுமதிக்கு லீவு கிடைக்கவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை, ஆள் பற்றாக்குறை. எங்கள் பக்கம் ஆடி என்றால் மானாவாரிக் கடலை விதைக்கிற காலம். வீட்டுக்கு வீடு பெண்கள் உட்கார்ந்து விதைக்கடலை உடைப்பார்கள், தெருவில் தோல் பறக்கும். சுமதிக்கும் இது தெரியும், அவள் அவலூர்பேட்டைக்காரி.

"உங்க அக்காகிட்ட ஒன்னொன்னா கேளுங்க" என்றாள். கேட்டோம். ஸ்பீக்கரில் போட்டு அவளே கேட்டாள். மிக்சி ஜாரை அக்கா புதுசாகவே வாங்கிவிட்டாள். சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் வாங்கி அடுக்கிவிட்டாள். விதைக்கடலை மூட்டைகளையும் செக்கில் ஆட்டிய எண்ணெய் டின்னையும் பக்கத்து வீட்டு இஸ்மாயில் பாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். சமையலறைக்குச் சுண்ணாம்புகூட அடித்தாயிற்று. ஒரு கல்யாண வீட்டுக்குக்கூட அவள் இப்படித் தயாராகி நான் பார்த்ததில்லை. கேட்கக் கேட்கச் சுமதியின் குரலே இளகிவிட்டது.

4

போய்ச் சேர்ந்த இரண்டு நாளும் கயல் இட்லி, சாம்பார், சாதம் என்று வஞ்சனை இல்லாமல் சாப்பிட்டாள். மொட்டைமாடியில் நின்று ராஜகிரிக் கோட்டையைப் படம் எடுத்தாள். அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய், அங்கே எவர்சில்வர் தூக்கில் மிஷின் வைத்துப் பேர் வெட்டுவதை மணிக்கணக்கில் பார்த்தாள். எங்கள் ஊரில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் யாரும் எடுத்துப்போவதில்லை. யார் யாருக்குக் கொடுத்தது என்று பாத்திரம் தேயும்வரை அதில் இருக்கும்.

மூன்றாம் நாள் ஆடி அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற சனம் முழுக்க எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். சிறப்புப் பேருந்துகள் ஒன்றின் வாலை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. அக்கா பூஜை முடித்து, பொழுது சாய்ந்ததும் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டாள். அமாவாசை ராத்திரி வீட்டில் சோறு கிடையாது, பலகாரம்தான். நான் கூடத்தில் மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். கயல் சமையலறையிலேயே அத்தையின் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் தோசை கல்லில் பிடித்துக்கொண்டது, இரண்டாவதும் பிய்ந்தது. அக்கா கல்லைத் திட்டுவது கேட்டது. மூன்றாவது முழுசாக வந்திருக்க வேண்டும், கயல் கைதட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். பாதித் தோசை மிச்சம் இருந்தது.

"அப்பா, நாக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றாள். உதட்டைப் பார்த்தேன். தடித்திருந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு, மிக நிதானமாக, ஒவ்வாமை வந்தால் சொல்லச் சொல்லிப் பள்ளியில் கற்றுக்கொடுத்தபடி ஆங்கிலத்தில் சொன்னாள், "ஐ திங்க் ஐ’ம் ஹேவிங் ஒன்."

ஊசிப் பையை நான் ஃபிரிட்ஜின் மேலே வைத்திருந்தேன். அங்கே இல்லை.

"அக்கா, பை எங்க?"

"எந்தப் பைடா?"

"ஊசிப் பை! கயல் ஊசி!"

அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். "சாமி மாடத்துல… உசுரு காக்கிற பொருளாச்சே, கண்ட எடத்துல இருக்க வேணாம்னு…"

ஓடினேன். அங்காளம்மன் படத்துக்கு முன்னால், வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்துக்கு நடுவில் இரண்டு ஊசிகளும் இருந்தன. பையிலிருந்து வெளியே எடுத்து, துடைத்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்திருந்தாள். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. இரண்டையும் அள்ளிக்கொண்டு ஓடிவந்தேன். கயல் தரையில் படுத்திருந்தாள், மூச்சு விசில் மாதிரி வந்தது. ஒன்றைத் தொடையில் வைத்து அழுத்தினேன். சுமதி எனக்கு ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழக்கியிருந்தாள். பழம் அழாது. கயல் அழுதாள். அழுகிறாளே, அப்படியானால் மூச்சு இருக்கிறது என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

அடுத்து ஆஸ்பத்திரி. பக்கம்தான், ஆனால் தெருவை அடைத்துப் பேருந்துகள். இஸ்மாயில் பாய் சத்தம் கேட்டு வந்து காரை எடுத்தார். பத்தடி போனதும் கார் நெரிசலில் மாட்டி நின்றுவிட்டது. பாய் ஸ்டியரிங்கை மாமாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். காருக்கு முன்னால் நடந்து, ஒவ்வொரு பேருந்தின் வயிற்றிலும் படபடவென்று அடித்துக்கொண்டே போனார்.

"குழந்தைய்யா! உள்ள குழந்தை இருக்குது! ஒதுங்குய்யா!"

பின்சீட்டில் கயலின் கால்களை என் மடியில் தூக்கி வைத்திருந்தேன். தலை அக்காவின் மடியில். இன்னொரு ஊசி என் கைக்குள். இப்போது போடுவதா, இன்னும் பார்ப்பதா என்று அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வேப்பிலையும் மஞ்சள் சேலையுமாகப் பெண்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டு வழிவிட்டார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான தெருவை நான் கடந்ததில்லை.

5

அரசு ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். ஒரு வார்த்தை வீணாக்காமல் ஆக்சிஜன் வைத்தார், ஆஸ்பத்திரி ஊசி ஒன்று போட்டார், டிரிப் ஏற்றினார். கயலின் உதட்டு நிறம் திரும்பிய பிறகுதான் எங்களைப் பார்த்தார்.

"இன்னா சாப்டாங்க?"

அக்கா கையில் இன்னமும் தோசை மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. "தோசைதான் மேடம். மாவு வீட்ல அரைச்சது. சாம்பார். சட்னிகூட தேங்கா மட்டும்தான்."

"எண்ணெய்?"

"பாக்கெட் எண்ணெய் மேடம். சூரியகாந்தி. புதுசு." சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என் பக்கம் திரும்பினாள். "கல்லு பிடிச்சுக்கிச்சுடா. அதான் கிண்ணத்துலேர்ந்து கொஞ்சம் தேச்சன்…"

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அந்தக் கிண்ணம் உண்டு. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் டின் காலியாகும்போது அடியில் கெட்டியாக மண்டி தங்கும். அதை யாரும் கொட்டமாட்டார்கள். சமையலுக்கு ஆகாது என்பதால் ஒரு கிண்ணத்தில் வழித்து அடுப்புக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். பாதி வெங்காயத்தை அதில் தொட்டுத் தோசைக்கல்லில் தேய்த்தால் எப்பேர்ப்பட்ட கல்லும் வழிக்கு வந்துவிடும். மூட்டையை அனுப்பினாள், டின்னை அனுப்பினாள், கிண்ணத்தை விட்டுவிட்டாள். அது அவளுக்கு எண்ணெய்க் கணக்கிலேயே வராது. அது கல்லுடைய சாமான். அத்தனை கேள்வி கேட்ட சுமதிக்கும் தோன்றவில்லை, அவள் அம்மா வீட்டிலும் அதே கிண்ணம்தான். லண்டன்காரி யாராவது வந்து பார்த்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பாள், இது என்ன என்று.

"அது எண்ணெய்னு எனக்குத் தோணவே இல்லடா" என்றாள் அக்கா. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு வராந்தாவில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பாய் டீ வாங்கி வந்து கொடுத்தார், தொடவில்லை. கயல் கண் விழித்து "அத்தை எங்கே?" என்று கேட்டபோதுகூட உள்ளே வரவில்லை.

சுமதிக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டாள். அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. "அவள வீட்டுக்குக் கூட்டியாங்க" என்றாள். பயணத் தேதியை முன்னால் மாற்றி, கிடைத்த விமானத்தில் கிளம்பினோம். கிளம்பும்போது அக்கா வாசல்வரைதான் வந்தாள்.

6

திரும்பி வந்ததும் பள்ளியில் படிவத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பள்ளி நர்ஸ் நல்ல பெண். சென்ற முறைக்குப் பிறகு அவள் எதையாவது ‘ஹேட்’ செய்தாளா என்றார், அதே ஹேவ்தான், இறந்தகாலத்தில். கல், கிண்ணம், வெங்காயம் எல்லாவற்றையும் கைச்சாடையோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே வரியில் ‘சமையல் பாத்திரத்தில் கலப்பு’ என்று எழுதிக்கொண்டார். சரியாகத்தான் எழுதினார். செஞ்சியில் என் அக்கா அதையே ‘என் கையால ஆயிடுச்சே’ என்று சொல்லிக்கொண்டிருப்பதாக மாமா சொன்னார்.

அவள் போனுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் கூப்பிட்டால் மாமா எடுப்பார். "கோயிலுக்குப் போயிருக்கா", "தலவலின்னு படுத்திருக்கா", "இப்பதான் தூங்கனா". ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனுஷன். கயல் தனியாகக் கூப்பிட்டுப் பார்த்தாள், அதற்கும் இதே பதில்தான்.

சுமதி, "இனிமே செஞ்சி வேணாம்" என்று சொல்லிவிட்டாள். "அவலூர்பேட்டையும் வேணாம். எங்க அம்மாவ இங்க வரச் சொல்லிக்கலாம்." தன் பிறந்த வீட்டையும் சேர்த்தே அடைத்துவிட்டவளிடம் நான் என்ன வாதாடுவது? என் அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘உங்க அக்கா’ என்பாள். அதற்கு முன்னால் ‘அண்ணி’ என்றுதான் சொல்லுவாள்.

கயல் வளருகிறாள். தமிழ் குறைகிறது. மார்கழிக்குள் அத்தை என்ற சொல்லே வீட்டில் புழக்கத்தில் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. மூச்சு அடைத்தபோது வந்த பயம் மாதிரி இல்லை, ஆனால் அதுவும் பயம்தான். பிள்ளை பிழைத்துவிட்டாள், ஊர் அவளுக்கு இல்லாமல் போய்விட்டதே என்று இருந்தது. இதை யாரிடம் சொன்னாலும் பேராசைக்காரன் என்பார்கள்.

7

மருந்துக்கடையிலிருந்து வந்த அன்று மாலை அக்காவிடமிருந்து வீடியோ அழைப்பு. திரையில் மாமா இல்லை, அவளே. இளைத்திருந்தாள். என்னிடம் நலம்கூட விசாரிக்கவில்லை.

"கயல கூப்புடு."

கயல் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள். அக்கா கேமராவைத் திருப்பினாள். அடுப்பின் மேல் ஒரு புது இரும்புத் தோசைக்கல். கறுத்து மினுங்கிக்கொண்டிருந்தது.

"நம்ம கடையிலேர்ந்து எடுத்தது கண்ணு. தைப் பொங்கல்லேர்ந்து பழக்குறன். அரிசி கழுவுன தண்ணியில ஊறப்போட்டு, தெனம் நல்லெண்ணெய் தேச்சு. கடலெண்ணெய் இந்த வாசப்படியே ஏறல. அந்தக் கிண்ணம், பழைய கல்லு எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டன். இதுல இதுவரைக்கும் ஒருத்தர் வாயும் வெக்கல. வாரத்துக்கு ஒரு தோசை ஊத்திப் பாப்பன், பிஞ்சுப் போவும், காக்காக்கு வெச்சுடுவன். இன்னைக்குப் பாரு."

மாவை ஊற்றி இழுத்தாள். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஓரம் சிவந்து, தானாகவே கிளம்பி, தோசை முழுசாக வந்தது. அதை ஒதுக்கிவிட்டு அடுப்பை அணைத்தாள். கல்லின் பிடியைத் துணியால் துடைத்துக் கேமராவிடம் கொண்டுவந்தாள். பிடியில் பேர் வெட்டியிருந்தது. கடைப் பேரோ மாமா பேரோ இல்லை. ‘கயல்’ என்று மட்டும்.

கயல் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அப்போ… என்கிட்ட ஒரு கல்லு இருக்கா? செஞ்சில?"

முன்பு என்றால் அக்கா சிரித்துத் திருத்தியிருப்பாள். இப்போது, "ஆமா கண்ணு, இருக்குது" என்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கயலும் அழுதாள். நானும்தான்.

சுமதி வேலை உடுப்போடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. நேராக வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அந்தக் கல்ல எங்க வெக்கிறீங்க?"

"தனியா சுமதி. சாமி ரூம்ல, துணி சுத்தி."

"தோசைக் கரண்டி?"

"புதுசு. அதுலயும் பேரு வெட்டியிருக்குது."

"வெங்காயம் எதுல தொட்டுத் தேய்க்கிறீங்க?"

"நல்லெண்ணெய்ல. புதுக் கிண்ணம். அந்தக் கிண்ணத்துலயும் பேரு இருக்குது."

சுமதி போனை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். "மொதல்ல நீங்க ஒழுங்கா சாப்டுங்க அண்ணி, துரும்பா எளச்சிட்டீங்க" என்று சொல்லி, போனைக் கயலிடம் கொடுத்தாள். பிறகு மேசைமேல் கிடந்த மருந்துக்கடைப் பையைப் பிரித்துப் பார்த்தாள்.

"ரெண்டுதான் குடுத்தாங்களா?"

"எப்பவும் ரெண்டுதானே."

"ஆடியில அந்த ரோடு எப்படி அடைச்சுக்கும்னு தெரியாதா உங்களுக்கு? நாளைக்குப் போயி இன்னும் ரெண்டு கேட்டு வாங்கியாங்க."